துடைக்கத் துடைக்க மங்கிய கறுப்பு

கேள்வி: ஐயா, அப்பா ஓடிய மொறிஸ் மைனர் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டு வருடம் பாடுபட்டுத் திருத்தி, போன வருடம் கறுப்புப் பெயின்ற் அடித்து, மேலே நிறமில்லாத கிளியர் பூச்சும் அடித்து எடுத்தேன். கடையில் ரியூப் லைற்றுக்குக் கீழே கண்ணாடி மாதிரி இருந்தது. தினமும் விடிய ஒருக்கால் துடைத்து, தறப்பாள் போட்டு மூடித்தான் வைத்திருந்தேன். கொழும்பில் நடந்த பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினால், பொனெற் முழுக்கச் சிலந்தி வலை. நடுவர் குனிந்து பார்த்தார், எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். பெயின்ற் அடித்தவரிடம் கேட்டால், "கறுப்பென்றால் அப்படித்தான் தம்பி" என்கிறார். அங்கே ஒரு கம்பெனி நிறுத்தியிருந்த புத்தம்புதுக் காரிலும் இதே வட்டங்களைக் கண்டேன். ஒருவர் செரமிக் பூச்சுப் போடச் சொல்கிறார், இன்னொருவர் திரும்ப அடிக்கச் சொல்கிறார். அடுத்த கண்காட்சிக்கு நாலு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பி, திரும்பப் பெயின்ற் அடிக்க வேண்டாம். செரமிக்கும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டுக்கும் காசு கேட்பார்கள், இரண்டும் உங்கள் வியாதிக்கு மருந்தில்லை. நாலு மாதம் தாராளமாகப் போதும். சரியாகச் செய்தால் நாலு நாள் வேலை.

பெயின்ற்காரர் சொன்னதில் பாதி உண்மை. கீறல் எல்லா நிறத்திலும் விழுகிறது, கறுப்பில் மட்டும் அது கண்ணில் குத்துகிறது. கீறலின் விளிம்பு வெள்ளை வெளிச்சத்தைச் சிதற விடும். வெள்ளைக் காரில் பின்னணியும் வெள்ளை என்பதால் தெரியாது. சாம்பல் மெற்றாலிக்கில் அதன் மினுக்கமே மறைத்துவிடும். கறுப்புக்கு ஒளிய இடமில்லை. அவர் சொல்லாமல் விட்ட மற்றப் பாதி, அந்தக் கீறல் எங்கிருந்து வந்தது என்பது.

அதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை. வீட்டில் நாளும் பொழுதும் தேய்க்கிற சில்வர் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்து, ஒற்றை பல்ப்புக்குக் கீழே பிடியுங்கள். பல்ப்பின் விம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கீறல் தெரியும். தட்டை மெல்ல நகர்த்துங்கள். வட்டமும் பல்ப்போடு கூடவே நகரும். கீறல் இடம் மாறாதே! உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் அதைப் பிடித்து உங்கள் கண்ணுக்கு எறிகின்றன. பல்ப்பின் விம்பத்தைச் சுற்றி அப்படிக் குறுக்கே கிடக்கும் துண்டுகள் எல்லாம் சேர்ந்து வட்டமாகத் தெரிகின்றன. உங்கள் பொனெற்றில் சூரியனைச் சுற்றித் தெரிந்த சிலந்தி வலையும் இதேதான். வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டம் விழுந்தது, நேராகத் துடைத்தால் ஒன்றும் வராது என்று சிலர் சொல்வார்கள். துணியில் மண் இருந்தால் நேராகத் துடைத்தாலும் கீறத்தான் போகிறது.

கடையில் ஏன் தெரியவில்லை? ரியூப் லைற் நீளமானது, வெளிச்சம் பல பக்கமிருந்து வந்து ஒன்றையொன்று மழுக்கிவிடும். ஒரு புள்ளியில் இருந்து வரும் வெளிச்சம்தான் கீறலைக் காட்டிக்கொடுக்கும். அதில் சூரியனை விட ஆள் இல்லை. வெயில் இல்லாத நேரத்தில், கராஜில் எல்லா லைற்றையும் அணைத்துவிட்டு, கைபேசியின் டோர்ச்சைக் கை நீளத்துக்குப் பிடித்துப் பாருங்கள். அது போதும். இனி எந்தக் கடையில் கார் எடுத்தாலும் காசு கொடுப்பதற்கு முன் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டாவது காரணம், கடைசியில் பூசும் வெள்ளைக் கிறீம். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் 2000 இலக்க வாட்டர் பேப்பர், பிறகு தேய்த்துச் சீவும் கட்டிங் கொம்பவுண்ட், பிறகு கம்பளிப் பஃப்பில் வேகமாக ஒரு சுற்று, கடைசியில் மணக்க மணக்க ஒரு கிறீம். அந்தக் கிறீமில் எண்ணெயும் மெழுகும் இருக்கும். அவை கீறலுக்குள் போய் நிரம்பி உட்கார்ந்துகொள்ளும். கார் பளபளவென்று வீட்டுக்கு வரும். இரண்டு மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியதும் நிரப்பியது வெளியே, கீறல் உள்ளே. இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். நானும் செய்திருக்கிறேன். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு மாலை கார் வேண்டும் என்று நிற்பவருக்கு அது போதும். கண்காட்சிக்குப் போகிற காருக்கு அது போதாது.

கிறீம் இன்னும் மறைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. பாமசியில் ஐசோபுரோபைல் அல்கஹோல் கிடைக்கும். 70 வீதம் என்று எழுதியிருப்பதில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, கழுவிக் காய்ந்த பொனெற்றில் ஒரு சாண் இடத்தில் தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துவாயால் மெல்ல ஒற்றி எடுங்கள். அப்புறம் டோர்ச் அடியுங்கள். அங்கே தெரிவதுதான் உங்கள் பெயின்ற்றின் உண்மையான நிலை. தின்னரை மட்டும் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

இப்போது என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாக் கீறலும் ஒன்றல்ல. வெளிச்சத்தைச் சுற்றி மயிர் போன்ற மெல்லிய வலை என்றால் அது துடைத்ததாலும் கழுவியதாலும் வந்தது. நீங்கள் நடக்க நடக்க, பட்டுச் சேலையில் நிறம் மாறுகிற மாதிரி அகலமான பட்டைகள் கூடவே அசைந்தால், அது பஃப் மெஷின் போட்ட தடம். எங்கள் தொழிலில் ஹொலோகிராம் என்போம். ஒரே திசையில் சமாந்தரமாக, குட்டையாக, ஆழமாகக் கோடுகள் நின்றால் அது வாட்டர் பேப்பர் விட்டுப் போனது. 1500 தாளின் கீறலை எடுக்காமல் நேரே கொம்பவுண்டுக்குத் தாவியிருப்பார்கள். இன்னொன்றும் உண்டு. கடையில் இருந்து வரும்போது சமமாக இருந்த இடம் சில மாதத்தில் சோர்ந்து, புட்டி போட்ட இடத்தின் விளிம்பும் பழைய பேப்பர் கோடுகளும் கீழே இருந்து எழும்பி வருவது. அடியில் பள்ளம் நிரப்பும் புட்டியும் அடிப்பூச்சான பிறைமரும் முழுதாகக் காயும் முன் மேலே அடித்துவிட்டால், உள்ளே அகப்பட்ட தின்னர் பிறகு ஆறுதலாக வெளியேறும்போது பெயின்ற் இழுபட்டுச் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில், சூடேற்றும் அறை இல்லாத கடையில் அவசரப்பட்டு அடித்த காரில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்தக் கடைசி மூன்றுக்கும் பெயின்ற்காரர் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பது சிலந்தி வலை. அதற்கான காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கோபிக்க வேண்டாம். "தினமும் விடிய ஒருக்கால் துடைத்து, தறப்பாள் போட்டு மூடித்தான் வைத்திருந்தேன்" என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துடைப்புத்தான் தம்பி. ஒரு வருடத்தில் முந்நூறு தரத்துக்கு மேல், உலர்ந்த தூசியைத் துணியால் அழுத்தி அந்தப் பொனெற்றின் மேல் இழுத்திருக்கிறீர்கள். ரோட்டில் ஓடுகிற கார் கிழமைக்கு ஒரு நாள் கழுவுப்படும், அவ்வளவுதான். ஷோ காரோ ஓடுவதில்லை, ஆனால் எல்லாக் காரையும் விட அதிகமாகத் துடைக்கப்படுகிறது. கண்காட்சிகளில் நிற்கும் கார்களில் வலை அதிகமாக இருப்பதற்கு இதுதான் முதற் காரணம்.

நீங்கள் கண்ட புத்தம்புதுக் காருக்கும் அதே கதை. வருகிறவர்கள் எல்லாரும் கதவைத் திறந்து மூடி, தூணில் கை வைத்து, கைரேகையை விட்டுப் போவார்கள். ஒரு பொடியன் கையில் துணியோடு நின்று காலையிலிருந்து இரவு வரை துடைத்துக்கொண்டே இருப்பான். ஒரே துணி, ஒரே பக்கம். மேலே பத்துப் பன்னிரண்டு ஸ்பொட் லைற், ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சூரியன். அந்தக் கார் கப்பலில் இருந்து இறங்கி, பாதுகாப்புத் தாள் உரித்து, அவசரமாக மெஷின் பிடித்து மேடைக்கு வந்திருந்தால், ஹொலோகிராமும் சேர்ந்திருக்கும். விலைக்கும் வலைக்கும் சம்பந்தமில்லை. டொயோட்டாவின் 202 கறுப்பு இருக்கிறதே, துவாய் பட்டாலே கீறல் விழும் என்று எங்கள் தொழிலில் பெயர் எடுத்த நிறம் அது. இங்கே எத்தனை பேர் அதை வாங்கிவிட்டு என்னிடம் வந்து தலையில் கை வைத்திருக்கிறார்கள்.

எனக்கும் இது ஒரு துவாய் சொல்லித்தந்த பாடம். தொழில் தொடங்கிய புதிது. நிலாவெளியில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் கல்யாணம், மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கார். நான்தான் பொலிஷ் பண்ணிக் கொண்டுபோனேன். ஆனி மாதம், கச்சான் காற்று அள்ளிக் கொட்டுகிறது. பூ ஒட்டுகிறவர்கள் கைவைத்த இடத்தைத் துடைக்கும்போது துவாய் நழுவி நிலத்தில் விழுந்தது. எடுத்தேன், முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினேன், முன் மட்காட்டை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. ஒன்றும் தெரியவில்லை. இரவு படம் பிடிப்பவர் பிளாஷ் அடித்தபோது, மட்காட்டில் வில் மாதிரி ஐந்தாறு கோடு வெள்ளையாக எழும்பியது. வீட்டுக்கு வந்து அந்தத் துவாயை ஒரு வெள்ளைத் தாளின் மேல் உதறினேன். ஏழெட்டு மணல். அதில் இரண்டு கறுப்பு. அவ்வளவுதான் முழு ஆயுதமும். அந்த மட்காட்டுக்கு இரண்டு நாள் சும்மா உழைத்துக் கொடுத்தேன்.

நம் கரையில் இதை எழுதியே ஆக வேண்டும். சாதாரண வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், எது எதைக் கீறும் என்று சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. வீட்டுக் கத்தியின் இரும்பே ஐந்தரை அளவில்தான் நிற்கும். வடக்கே புல்மோட்டைப் பக்கம் போனால் இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் எல்லாம் கலந்த கறுப்பு மணல், சிர்க்கோன் ஏழரை. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் அடிக்கும்போது இந்தத் தூள் கதவு இடுக்கால் வந்து கராஜுக்குள் நிற்கும் காரிலும் படியும். அதோடு கடல் உப்பு. உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து, தூசியைப் பெயின்ற்றில் ஒட்ட வைக்கும். அதன் மேல் உலர்ந்த துணியை இழுத்தால் கையில் இருப்பது துணியல்ல, வாட்டர் பேப்பர்.

தறப்பாளும் இதே ரகம். தூசி படிந்த காரின் மேல் மூடி, காற்று உள்ளே புகுந்து படபடவென்று அடித்தால், இரவு முழுக்க யாரோ நின்று தேய்த்த மாதிரி. மூடுவதென்றால் கழுவிக் காய்ந்த காரை, காற்றுப் புகாத கட்டடத்துக்குள், உட்பக்கம் மெத்தென்ற உறையால் மூடுங்கள். இல்லாவிட்டால் மூடாமல் விடுங்கள், தூசி படியட்டும். தூசி தானாகக் கீறாது. நாம் இழுக்கும்போதுதான் கீறும்.

சரி, விழுந்ததை எடுப்பது எப்படி.

முதலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். கொம்பனியில் அடித்து வரும் காரில் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரோன். ஏ4 தாள் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 100 மைக்ரோன். ஆக அரைத் தாள்தான் எங்கள் கைமுதல். அதற்குள்தான் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் கலந்திருக்கிறது. கனமான கொம்பவுண்ட் ஒரு முறை போனால் இரண்டு மூன்று மைக்ரோன் போய்விடும். நல்ல பினிஷிங் பொலிஷ் ஒரு மைக்ரோனுக்கும் குறைவாகத்தான் எடுக்கும். கீறலை 'எடுப்பது' என்று சொல்கிறோமே தவிர, கீறலை யாரும் எடுப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள மேட்டைச் சீவி, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். நகத்தை மெல்ல இழுத்தால் தடக்குகிற கீறலை விட்டுவிடுங்கள். அதைத் துரத்திப் போனால் அடி நிறம் வந்துவிடும்.

பெயின்ற் தடிப்பு அளக்கும் கேஜ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். திரும்ப அடித்த காரில் அது சொல்லும் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது, ஏனென்றால் புட்டி, பிறைமர், நிறம், கிளியர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். புட்டி போட்ட இடத்தில் 400, 500 என்றும் தாண்டிப் போகும். அதைக் கண்டு கிளியர் தாராளமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பெயின்ற்காரரிடம் கிளியர் எத்தனை கை அடித்தார், கொடுக்கும் முன் எந்தப் பேப்பர் போட்டார் என்று நேரடியாகக் கேளுங்கள். இரண்டு கை அடித்து, பேப்பர் மெல்லப் போட்டிருந்தால் உங்களிடம் வேலை செய்ய இடம் இருக்கிறது. கிளியர் அடித்தார் என்பதையும் ஒருக்கால் சரிபாருங்கள்: வெள்ளைத் துணியில் கொஞ்சம் பொலிஷ் தொட்டு, கண்ணில் படாத மூலையில் தேயுங்கள். துணி கறுத்தால் மேலே கிளியர் இல்லை, நீங்கள் தேய்ப்பது நிறத்தையே. உங்கள் கார் பிறந்த காலத்தில் அநேகமாக எல்லாக் காரும் அப்படித்தான், கிளியர் கோட் பரவலானது 1980களில்தான். அப்படி இருந்தாலும் பயமில்லை, முறை அதேதான். மெஷினில் மாட்டும் பஃப் பேட்டை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

மெஷின் விஷயத்தில் என் அபிப்பிராயம் கறாரானது. ஒரே அச்சில் சுற்றும் பழைய பஃப் மெஷினைத் தொடாதீர்கள். கை பழகியவரிடம் அது தங்கம், மற்றவரிடம் சூடு போட்டு, ஹொலோகிராம் வரைந்து, விளிம்பைக் கரைத்துவிடும். சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற டீ.ஏ. மெஷின் என்று கேளுங்கள். நீங்கள் அதிகமாக அழுத்தினால் அதன் சுற்று பெரும்பாலும் நின்றுவிடும், அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு.

கார் முழுவதையும் ஒரே மூச்சில் தொடங்க வேண்டாம். நன்றாகக் கழுவி, காருக்கென்று விற்கும் களிமண் கட்டி போட்டு ஒட்டியிருக்கும் உப்பையும் துரும்பையும் எடுத்த பிறகு, பொனெற்றின் ஓரத்தில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை ஒட்டும் ரேப்பால் அடையாளம் வையுங்கள். ஆகச் சாதுவான சேர்க்கையில் தொடங்குங்கள்: மெத்தென்ற ஸ்பொஞ்ச் பேட், பினிஷிங் பொலிஷ், பயறளவு நாலு பொட்டு. மெஷினை மெல்ல, ஒரு செக்கனுக்கு ஒரு அங்குலம் போகிற மாதிரி, பாதிக்குப் பாதி மேலே விழ, குறுக்கும் நெடுக்குமாக நாலு தரம் கொண்டுபோங்கள். அல்கஹோல் தண்ணீரால் ஒற்றி எடுத்து டோர்ச் அடியுங்கள். வலை போய்விட்டதா? அதுதான் உங்கள் மருந்து, மிச்சக் காருக்கும் அதுவே. போகவில்லையா? பேட்டை ஒரு படி கடினமாக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் கொம்பவுண்ட். கொம்பவுண்ட் போட்ட இடமெல்லாம் திரும்ப பினிஷிங் பொலிஷ் போயே ஆக வேண்டும். இந்தக் கடைசி நடையை விட்டுவிட்டு கிறீம் பூசுவதில்தான் நம் ஊரில் பாதிக் கார் கெட்டது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பேட்டைத் தட்டித் துப்புரவாக்குங்கள், கொம்பிரசர் காற்றடித்தால் இன்னும் நல்லது. காய்ந்து கட்டியான பொலிஷும் கீறும்.

மொறிஸ் மைனரில் நேர்ப் பரப்பு குறைவு, எல்லாம் உருண்டை. பொனெற்றின் நடு முதுகு, மட்காட் விளிம்பு, கதவின் மடிப்பு, இங்கெல்லாம் பெயின்ற் அடிக்கும்போதே மெலிந்துதான் நிற்கும். அந்த வரம்புகளில் ரேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். கடைசியில் ரேப்பை உரித்து, அந்த விரலளவு இடத்தைக் கையாலேயே பொலிஷ் பண்ணுங்கள். வெயிலில் நின்ற கறுப்புத் தகட்டில் கை வைக்க முடியாது, பொலிஷும் போட முடியாது, உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். விடிய ஆறு மணிக்குத் தொடங்கி, காற்று எழும்பும் முன் முடித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பகுதி போதும்.

செரமிக் பற்றி. நல்ல சாமான்தான், தண்ணீர் உருண்டு ஓடும், கழுவச் சுகம். ஆனால் அது கண்ணாடி மாதிரித் தெளிவானது. வலை இருக்கும் பெயின்ற்றின் மேல் போட்டால் வலை அழகாக உறைக்குள் இருக்கும், அதை எடுக்க முதலில் செரமிக்கைத் தேய்த்து எடுக்க வேண்டும். '9எச்' என்று போத்தலில் பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த 9எச் பென்சில் கடினத்தன்மை. பென்சில் முனையால் உரசிப் பார்க்கும் சோதனை. மணலைப் பற்றி மேலே சொன்ன 7 வேறு அளவுகோல். பென்சிலைத் தாங்குகிற பூச்சு நிலாவெளி மணலைத் தாங்கும் என்று அந்தப் போத்தலே சொல்லவில்லை. வலையை எடுத்த பிறகு போட்டால் போடுங்கள், இல்லையென்றால் நல்ல மெழுகு ஒன்று போதும். பழைய காருக்கு மெழுகின் பளபளப்புத்தான் வடிவு என்பது என் கருத்து, இதில் என்னோடு சண்டை பிடிப்பவர்கள் பலர்.

இனி கழுவுவது. பழைய சாரத் துண்டு, பெனியன், கோழிச் சிறகுத் தூசு தட்டி, மண்ணெண்ணெய்த் துணி, எல்லாவற்றையும் கராஜில் இருந்து எடுத்துவிடுங்கள். சாரத்தின் விளிம்புத் தையல் ஒன்றே போதும் கறுப்பைக் கெடுக்க. மண்ணெண்ணெய் துடைத்தவுடன் மின்னும், அடுத்த நாள் அந்தப் பசையில் தூசி இரண்டு மடங்கு ஒட்டும். பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் துணி தோய்க்கும் தூளும் மெழுகை உரித்துவிடும். காருக்கான ஷாம்பூ வாங்குங்கள். முதலில் குழாயால் தண்ணீரை ஓடவிட்டு மணலை இறக்குங்கள், கை வைக்காமல். இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். கழுவும் கையுறை காரைத் தொட்டதும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவுக்குத் திரும்ப வேண்டும். மேலிருந்து கீழே, ரயர் பக்கம் கடைசி. ஒரு நாள் அந்த வெறும் தண்ணீர் வாளியைத் தெளியவிட்டு அடியைத் தடவிப் பாருங்கள், விரலில் நறநறக்கும். அவ்வளவும் உங்கள் பொனெற்றில் இழுபட்டிருக்க வேண்டியவை.

நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சவர். காய்ந்தால் வெள்ளை வளையம் விடும், வெயிலில் சுட்டால் கிளியருக்குள்ளேயே பதிந்துவிடும். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைப்பது நல்லது. வாடைக் காற்றுக் காலத்தில் ஓட்டின் முதல் மழையை ஓடவிட்டு, அடுத்ததைப் பிடித்து மூடி வைத்தால் நாலைந்து கழுவலுக்கு வரும். துடைக்கும்போது தடித்த மைக்ரோஃபைபர் துவாயை விரித்துப் போட்டு, தண்ணீரை அது குடிக்க விட்டு, தூக்கி எடுங்கள். தேய்க்க வேண்டாம். நிலத்தில் விழுந்த துவாய் அன்றைக்கு ரயருக்குப் போய்விட வேண்டும். என் கடையில் இதற்கு விதிவிலக்கு இல்லை, எனக்கும்.

கொழும்புக்குப் போகும்போது, ஏ6 வழியே ஹபரணை, தம்புள்ளை என்று 250 கிலோமீற்றருக்கு மேல். லொறியில் ஏற்றினால் காரை உறை போட்டு மூடாதீர்கள். காற்றில் அந்த உறை பொனெற்றை வழி நெடுக அரைத்துக்கொண்டே போகும். மூடிய லொறி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் திறந்தே போகட்டும். அங்கே இறங்கியதும் முதல் வேலை துணி அல்ல, தண்ணீர். கண்காட்சி நேரத்தில் தூசி படிந்தால் ஒரு சின்னக் காற்றூதியால் ஊதுங்கள். கைரேகை விழுந்தால் வழுக்கும் பொலிஷ் தண்ணீரை (குயிக் டீற்றெயிலர் என்று விற்பார்கள்) நிறையத் தெளித்து, துவாயின் புதுப் பக்கத்தால் ஒரு தரம், அழுத்தாமல். ஒரு நாளைக்கு இரண்டு தரத்துக்கு மேல் வேண்டாம். நடுவர் வரும்போது கொஞ்சம் தூசி இருந்தால் அவர் மன்னிப்பார். வலையை மன்னிக்கமாட்டார், அதை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். வருகிற ஆட்களின் அரைப்பட்டிக் கொக்கியையும் கைப்பையையும் கவனிக்க ஒரு தம்பியை நிறுத்துங்கள். அவர் கையில் துணி மட்டும் கொடுக்க வேண்டாம்.

பெயின்ற்காரரோடு கோபிக்க வேண்டாம். இந்த வலையில் பெரும்பங்கு உங்களுடையது. டோர்ச் வெளிச்சத்தில் பட்டைகள் அசைந்தாலோ, சமாந்தரக் கோடு தெரிந்தாலோ, அவரைக் கூப்பிட்டு அந்த வெளிச்சத்திலேயே காட்டுங்கள். மறுக்கமாட்டார்.

டிக்கி மூடியின் உட்பக்கத்திலோ டேஷ்போர்டுக்குக் கீழேயோ அப்பா காலத்துப் பெயின்ற் எங்காவது மிஞ்சியிருந்தால், அதில் மெஷினும் வேண்டாம், அல்கஹோலும் வேண்டாம். கேஜ் கிடைத்ததும் பொனெற்றின் ஐந்து இடத்திலும் இரண்டு முன் மட்காட்டிலும் அளந்து, எண்களை எழுதி அனுப்புங்கள். எந்த இடத்திலாவது 80 மைக்ரோனுக்குக் கீழே காட்டினால் அந்தப் பக்கம் தொட வேண்டாம், என் பதில் வரும் வரை பொறுங்கள்.